வாகூர்க் கல்வித்தானமும் அதன் செப்பேடும்

புதுச்சேரிக்குத் தெற்கே, தென்பெண்ணையாற்றின் வடபால் அமைந்த பாகூர், பழைய சாசனங்களில் வாகூர் எனப் பெயர் பெறும். சொர்ணாவூர் அணைக்கட்டினின்றும் பங்காரு வாய்க்கால் வழியே வரும் பெண்ணைநீர் இவ்வூர்ப் பேரேரியை நிரப்புகின்றது. அவ்வாய்க்காலின் பெயரைப் பங்காரி என்னும் தேவரடியாளொடு இயைத்து ஊரார் கதை கூறுவர். வாகூரின் பழம்புகழ் நெல்லால் மட்டும் வந்ததன்று. ஆயிரத்து நூறாண்டுகட்கு முன்னரே அது கல்வியாற் சிறந்து விளங்கிற்று.

அதற்குச் சான்றாவது பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனது எட்டாம் ஆட்சியாண்டில், அஃதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வழங்கப்பட்ட செப்பேடு. ஐந்து ஏடுகளால் ஆகிய இது வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் உடையது. அரசன்கீழ்த் தலைவனாகிய நிலைதாங்கி என்பவனது விண்ணப்பத்தால், சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்றூர்கள் வாகூர் வித்தியாத்தானத்தார்க்கு வித்தியாபோகமாக அளிக்கப்பட்டன. கோயிலுக்கும் அந்தணர்க்கும் நிலமீந்த சாசனங்கள் தமிழ்நாட்டில் எண்ணிறந்தன. கல்வி நிலையமொன்றன் பொருட்டே ஊர்கள் விடப்பட்டமையைக் கூறுவன மிகச் சிலவே. ஆகலின் இதன் அருமை பெரிது.

இச்சாசனத்தின் வடமொழிப் பகுதியில் அவ்வித்தியாத்தானத்தைப் புகழுமிடத்து ஓர் உவமை வருகின்றது. அலைகளின் வேகத்தோடு இறங்கிய கங்கையைத் தன் சடையொன்றில் தாங்கினான் சிவபெருமான்; அங்ஙனமே ஆழ்ந்து பெருகும் கல்வி வெள்ளத்தை வாகூர் தன்கண் நிறுத்தியது என்பது அதன் கருத்து. ஆற்றுவெள்ளத்தைக் கரையுட்படுத்தி ஏரியில் தேக்கிப் பயிர்க்கு விடுதலைக் கண்ணாரக் கண்டுவரும் நாட்டில் இவ்வுவமை வெறும் அணியாக நில்லாது, ஊரின் இயல்பையே உரைப்பதாகும். தடுக்கப்படாத வெள்ளம் ஊரை அழிக்கும். தேக்கிய நீரோ மடையைத் திறந்து விடாதவழி ஒருவர்க்கும் பயன்படாது. சடையிற்றங்கிய கங்கையும் உலகிற்குப் பாய்ந்த பின்னரே பகீரதனுடைய எண்ணம் நிறைவேறிற்று. கற்றோரை ஓரிடத்து நிலைபெறுத்தி, அவர்க்கு மூன்றூர் வருவாயைத் திருப்பியமை இவ்விரண்டு செயலையும் ஒருங்கே செய்ததாம்.

அக்கல்வி நிலையம் இன்று இல்லை. அதன் செப்பேடும் வாகூரில் இல்லை. 1879-இல் பாகூரில் அதனைக் கண்டெடுத்தவர், புதுச்சேரியில் பிரெஞ்சு நீதித்துறையில் அலுவல் பார்த்த ஜூல் தெ லா போன் என்பவர். அது பாரிசு நகரத்துத் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. தன் ஊர்ப்பொருள் கடல் கடந்து போயிற்றே என வாகூரார் வருந்துதல் இயல்பே. எனினும் செப்பேடுகள் பல கன்னார் உலையிற் புகுந்து குடமாகவும் தவலையாகவும் போன கதை தமிழ்நாட்டில் யாவரும் அறிந்தது; இஃது அவ்வாறு அழியாமல் தப்பியதை மறுத்தற்கில்லை. ஏடு எங்கிருப்பினும் அதன் வாசகம் வெளிவந்தமையே பெரும்பேறு. ஹுல்ஷ் என்னும் செருமானிய அறிஞர் அதனைப் படித்து எபிகிராபியா இந்திகாவில் பதிப்பித்திராவிடின், மூன்றூர்ப் பெயரும் நிலைதாங்கி பெயரும் பலர்க்குத் தெரிந்திரா.

வாகூர் மூலநாதர் கோயிற் கல்வெட்டுக்களோ பெயர்த்தெடுக்கப்படாமல் அவ்விடத்தேயே நிற்கின்றன. இராட்டிரகூட மன்னனாகிய கன்னரதேவன் காலத்தனவும் சோழர் காலத்தனவும் அவற்றுள் உள. மணலை வீசித் தேய்த்தலும் சுண்ணாம்பு பூசலும் கற்களைப் புதிதாக அடுக்கலும் திருப்பணி என்னும் பெயரால் எத்தனையோ கோயில்களின் எழுத்தை விழுங்கியுள்ளன. ஆகலின் கல்லென்று நம்பியிருத்தல் போதாது, படியெடுத்தல் வேண்டும். இதனைச் செய்தவர் அவ்வூர்ப் பெயரையே தம் பெயரோடு கொண்ட பாகூர் சு. குப்புசாமி. புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுக்களை அவர் தொகுக்க, கோ. விசயவேணுகோபால் பதிப்பிக்க, முதற்பகுதி 2006-இலும் இரண்டாம் பகுதி 2010-இலும் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனங்களால் வெளிவந்தன.

இனி ஓலைச்சுவடிகளின் நிலையும் நோக்கற்பாலது. 1955-இல் தோன்றிய பிரெஞ்சு நிறுவனம் ஊர்தோறும் சென்று சைவாகமச் சுவடிகளைத் திரட்டிற்று. அத்தொகுதி 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. வாகூர் ஏடு பாரிசுக்குச் சென்றது போலன்றி, இவை புதுச்சேரியிலேயே தங்கின. இரௌரவம், மிருகேந்திரம் முதலிய ஆகமங்கள் அச்சேறி, சுவடி காணாத ஊரிலும் கற்பார் கைக்கு எட்டின. சங்கராபரணியாற்றை அடுத்த வில்லியனூரின் தலபுராணமாகிய வில்லைப்புராணமும் உ. வே. சாமிநாதையரது பதிப்பாக 1940-இல் அச்சில் வந்தது.

செப்பேட்டின் தமிழ்ப்பகுதி கொடையூர்களின் எல்லைகளையும் கூறுகின்றது. அவ்வெல்லைகளை அச்சிட்ட வாசகத்தைக் கையிற் கொண்டு வாகூர் வயல்களிடையே நடந்து காண்டல் இன்று எவர்க்கும் இயலும். அதற்குப் பாரிசுக்குச் செல்ல வேண்டுவதில்லை.