செஞ்சிச் சீமையின் நூலும் துணியும்

செஞ்சி என்றதும் ராஜகிரிக் கோட்டையும், 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மடிந்த தேசிங்குராஜனும் நினைவில் எழுவது இயல்பு. முற்றுகைகளின் வரலாறாகவே இவ்வூர் பெரிதும் எழுதப்பட்டிருக்கிறது. அம்முற்றுகைகளுக்கு இடையே கடற்கரையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த துணி மூட்டைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1608இல் டச்சுக்காரர்கள் செஞ்சி நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தேவனாம்பட்டினத்தில் வாணிகம் தொடங்கினார்கள். கீழைத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்குவதற்கு அவர்களுக்குச் சோழமண்டலக் கரையின் துணி தேவைப்பட்டது. 1690இல், செஞ்சியில் தங்கியிருந்த மராட்டிய மன்னர் ராஜாராமின் ஆட்சியிடமிருந்து ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு சென்று விழுந்த தொலைவு வரையிலான ஊர்களும் அவர்களுக்கு உரியவையாயின. 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அவ்வாறு வந்தது. 'உலகமயமாதல்' என்னும் சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே செஞ்சிச் சீமை உலகச் சந்தைக்குள் இருந்தது எனலாம்.

அச்சந்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே முகத்தைக் காட்டவில்லை. தறியில் அமர்ந்தவன் ஆண். நூல் நூற்றவள் பெண். ஒரு தறிக்கு வேண்டிய நூலைத் தரப் பல பெண்கள் நூற்க வேண்டியிருந்தது. நெசவாளன் வணிகரிடம் முன்பணம் பெற்றான். பிடிக்காவிட்டால் அதைத் திருப்பித் தந்துவிட்டு வேறிடம் செல்லும் வழக்குரிமையும் அவனுக்கு நெடுங்காலம் இருந்தது. நூற்றவளோ அவ்வொப்பந்தங்கள் எதிலும் ஒரு தரப்பு அல்லள். ஆயினும் நூற்பு அவளுக்கு அரிய துணை. முதலீடு சிறிது, வீட்டு வேலைகளுக்கு இடையே செய்யலாம், முதுமையிலும் கைவிடாது. துணையற்ற மகளிர் நூற்ற நுண்ணிய நூலை நற்றிணையே உவமையாக்குகிறது என்றால், அத்தொழிலின் தொன்மையை ஊகித்துக்கொள்ளலாம்.

1820களிலிருந்து லங்காஷயர் ஆலைகளின் நூல் இந்தியாவுக்குள் பெருமளவில் வரத் தொடங்கியது. இங்கேதான் கதை இரண்டாகப் பிரிகிறது. மலிவான ஆலைநூல் நெசவாளனுக்கு மூலப்பொருள். சீமைத்துணியின் போட்டியால் அவனும் நொந்தான். எனினும் அந்நூலைக்கொண்டே தறியை ஓட்ட முடிந்தது. நூற்றவளுக்கோ அதே நூல் நேர்ப்போட்டி. நெசவு நலிந்தும் பிழைத்தது. கைநூற்பு ஊர் ஊராக மறைந்தது. நெசவுக் குடும்பங்களில் பெண்களுக்கு எஞ்சியவை நூல் சுற்றுதல், பாவு ஆயத்தம் செய்தல் போன்ற பணிகள். இவை தறிக்கூலிக்குள் அடங்கியவை. தனிக் கூலி இல்லாதவை.

இவ்விழப்பை நூற்றவளின் வாய்மொழியாகவே சொல்லும் ஆவணம் ஒன்று வங்காளத்திலிருந்து கிடைக்கிறது. 1828இல் 'சமாச்சார் தர்ப்பண்' இதழில் சாந்திபூரைச் சேர்ந்த ஒரு கைம்பெண்ணின் கடிதம் வெளியாயிற்று. இளமையிலேயே கணவனை இழந்த அவர், இராட்டையைக்கொண்டே குடும்பத்தைக் காத்து மகள்களுக்கு மணமும் செய்வித்திருந்தார். நெசவாளர்கள் வீடு தேடி வந்து நூல் வாங்கிச் சென்ற காலம் போய், சீமைநூல் வந்தபின் தம் நூலைக் கேட்பாரில்லை என்று முறையிடுகிறார்.

ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990இல் மனித மேம்பாட்டுக் குறியீட்டை வெளியிட்டது. சராசரி எண், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வை மறைத்துவிடுகிறது என்பதால் 1995இல் பாலினம் சார்ந்த குறியீட்டையும் சேர்க்க நேர்ந்தது. செஞ்சிச் சீமையின் கடந்தகாலத்துக்கும் இது பொருந்தும். துணி ஏற்றுமதியின் மொத்தத்தைக் கணக்கிட்டு வளத்தையும், நெசவின் தேய்வைக் கணக்கிட்டு வீழ்ச்சியையும் எழுதிவிடுகிறோம். இரண்டிலும் நூற்றவள் தனியே தென்படுவதில்லை.

2025இல் செஞ்சிக் கோட்டை, மராட்டிய ராணுவ நிலக்காட்சிகளில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மகிழ்ச்சிக்குரியது. அம்மலைகளில் ஏறுவோருக்குக் களஞ்சியத்தையும் பீரங்கியையும் காட்டும்போது, கீழே பரந்திருக்கும் ஊர்களில் இராட்டை சுழற்றிய பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லப்பட வேண்டும் என்பதே நம் விருப்பம்.