எத்தனை பேரில் எத்தனை சாவு: வன்னியின் காய்ச்சல் கணக்கு

2020ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இலங்கையின் வடக்கு நாளிதழ்களில் ஒரு செய்தி அநேகமாக ஒரே வாசகத்தில் திரும்பத் திரும்ப வந்தது. யாழ். போதனா வைத்தியசாலை ஆய்வுகூடத்திலும் யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீட ஆய்வுகூடத்திலும் இன்று இத்தனை பேருக்கு பி.சி.ஆர். பரிசோதனை, வவுனியாவில் இத்தனை பேருக்குக் கொரோனாத் தொற்று, முல்லைத்தீவில் இத்தனை, கிளிநொச்சியில் இத்தனை. வைத்தியசாலைப் பணிப்பாளர் த. சத்தியமூர்த்தியோ மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஆ. கேதீஸ்வரனோ சொன்ன எண், இரவு சாப்பாட்டுக்கு முன்பே கைப்பேசிகளில் ஊரெல்லாம் சுற்றிவிடும். வவுனியாவுக்கு ஒரு நாள் எண் ஏறும், மறுநாள் விழும், மூன்றாம் நாள் மறுபடி ஏறும். நோய் ஊருக்குள் வந்துவிட்டதா, போய்விட்டதா என்று கடைத்தெருவில் பேச்சு.

அந்த எண்களுக்குள் இருந்தவர்களில் பலர், இந்த மூன்று மாவட்டங்களும் அடங்கிய வன்னியின் சனம் அல்லர். வவுனியா பம்பைமடுவிலும் முல்லைத்தீவு கேப்பாப்பிலவிலும் தனிமைப்படுத்தல் நிலையங்கள் இயங்கின. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்திறங்கியவர்களும் தெற்கில் தொற்றாளரோடு பழகியவர்களும் பேருந்துகளில் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களின் மாதிரியும் யாழ்ப்பாணத்துக்குத்தான் போனது. முடிவு வந்தபோது அது வவுனியாவின் எண்ணாகவும் முல்லைத்தீவின் எண்ணாகவும் அச்சேறியது. எந்தப் பேருந்து எந்த நாளில் வந்தது என்று தெரிந்தவருக்கே அந்த ஏற்ற இறக்கம் விளங்கும்.

வன்னியின் நோய்க்கணக்கில் இந்தச் சிக்கல் புதிதல்ல. செத்தவர் எத்தனை பேர் என்பதைவிட, எத்தனை பேரில் அத்தனை பேர் என்பதும், அவர்கள் எந்த ஊர்க் கணக்கில் சேர்ந்தார்கள் என்பதுமே இங்கே நூற்றைம்பது வருடங்களாக இழுபடும் கேள்விகள்.

1868ஆம் ஆண்டளவில் மருத்துவர் ஜேம்ஸ் லூஸ் வன்னியில் விசாரணை நடத்தினார். குடிகள் குறைந்து ஊர்கள் அழிவது ஏன் என்று அரசாங்கம் அறிய விரும்பியது. பறங்கி நோய் எனப்பட்ட தோற்புண், முறைக்காய்ச்சல் எனப்பட்ட மலேரியா, தூர்ந்த குளங்கள், பட்டினி எல்லாம் அந்த விசாரணையில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பின்னர் ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல் அந்தச் சிற்றூர்களையும் குளங்களையும் விரிவாக எழுதிவைத்தது. இன்றைய வவுனியாவும் முல்லைத்தீவும் சேர்ந்த அந்தப் பெருநிலத்தின் சனத்தொகை 1931 குடிசன மதிப்பீட்டிலும் இருபதாயிரத்தை எட்டவில்லை. ஒரு குளத்தை நம்பிப் பத்து வீடுகள் இருந்த ஊரில் ஒரு மழைக்காலத்தில் நாலு பேர் போனால், அது பத்தில் ஒரு பங்கு. அடுத்த வருடம் ஒருவரும் சாகாவிட்டால் மரண வீதம் பூச்சியம். இரண்டில் எதை வைத்தும் அந்த ஊரின் சுகத்தை அளக்க முடியாது. மிச்சமிருந்தவர்கள் பக்கத்துக் குளத்தடிக்குக் குடிபெயர்ந்துவிட்டாலோ, பெயர்ந்தவர்களும் செத்தவர்களும் ஒரே கழித்தலுக்குள் போய்விடுவார்கள்.

பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1867இலேயே சட்டம் வந்தது. ஆனால் காட்டூர்ப் பதிவாளர் மருத்துவர் அல்லர். செத்தவரின் உறவினர் சொன்னதையே காரணம் என்று எழுதினார். காய்ச்சல், வலிப்பு, மாந்தம், பலவீனம். மாந்தம் என்ற பிரிவு கொழும்பின் பதிவாளர் நாயகம் அறிக்கைகளிலும் இடம்பெற்றது. வன்னியிலோ காய்ச்சல் என்ற ஒரு பெயருக்குள் எந்த நோயும் ஒளிந்துகொள்ளலாம்.

1918இல் அப்படித்தான் ஒரு நோய் வந்தது.

உலகமெங்கும் பரவிய இன்புளுவென்சா இலங்கையை இருமுறை தாக்கியது. அதை வாரம் வாரமாக, மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துப் பார்த்தவர்கள் சித்தார்த் சந்திராவும் தில்ஷானி சரத்சந்திரவும். 2014இல் வெளியான அவர்களின் ஆய்வில் ஒரு விசித்திரம் தெரிகிறது. தெற்கிலும் வடக்கிலும் சாவு உச்சத்தைத் தொட்டது ஏறக்குறைய ஒரே வேளையில், 1918 ஒக்டோபர் தொடக்கத்தில். இரண்டுக்கும் நடுவே கிடந்த பகுதியில் உச்சம் வந்தது 1919 மார்ச் தொடக்கத்தில்தான். கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய நோய் ரயிலேறி மெல்ல வடக்கே வந்திருந்தால் நடுப்பகுதி முதலில் அடிபட்டு, வடக்கு கடைசியில் அடிபட்டிருக்க வேண்டும். நடந்தது அப்படியல்ல. ஆகவே நோய் தீவுக்குள் இரண்டு வாசல்களால் நுழைந்தது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. தலைமன்னாரில் ஏறியவர் மதவாச்சியில் வடபாதை ரயிலைப் பிடிப்பார். வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியே அந்தப் பாதை 1905 முதல் ஓடியது. இறந்தோரின் மொத்தத் தொகை ஒன்றை மட்டும் வைத்திருந்தால் இந்த வாசல்கள் கண்ணுக்குப் பட்டிரா. எந்த வாரம் என்ற விவரமே கதவைத் திறந்தது.

அதே ஆய்வு இன்னொன்றையும் கிளறியது. 1891 முதல் 1931 வரையான குடிசன மதிப்பீடுகளை ஒப்பிட்டு, நோயால் தீவு இழந்த சனத்தொகை ஏறத்தாழ 3,07,000 என்றும் அது மொத்தத்தில் சுமார் 6.7 சதவீதம் என்றும் கணித்தார்கள். மரணப் பதிவேடுகளை வைத்துச் செய்த முந்தைய மதிப்பீடுகள் இதைவிட மிகக் குறைவு. இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. பதிவேடு செத்தவரை எண்ணுகிறது. குடிசன மதிப்பீட்டின் இடைவெளியில் செத்தவரோடு, அந்த வருடங்களில் பிறக்காமலே போன பிள்ளைகளும் அடங்குவர். போதாததற்கு 1919இல் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்தது. பசியில் மெலிந்தவன் காய்ச்சலில் விழுந்தால் சாவை எந்தக் கணக்கில் எழுதுவது?

வன்னியில் இது இன்னும் கடினம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றோடு மழை. நுளம்பும் முறைக்காய்ச்சலும் கிளம்பும் காலமும் அதுவே. மழை தொடங்கும் வேளையில் வந்த இன்புளுவென்சாச் சாவு, பதிவேட்டில் வழக்கமான காய்ச்சலாகவே பட்டிருக்க இடமுண்டு. இரண்டையும் பிரிக்க வயதே துணை. முறைக்காய்ச்சல் குழந்தைகளையே அதிகம் கொண்டுபோகும். 1918இன் நோய் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட திடகாத்திரமான உடம்புகளைத் தேடிப் பிடித்தது.

அடுத்த பாடம் 1934–35 மலேரியாக் கொள்ளைநோய். அது வைரசு அல்ல, ஒட்டுண்ணி. ஆனாலும் சாவின் போக்கை எப்படி வாசிப்பது என்பதற்கு இலங்கையில் அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஏழு மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மழை பொய்த்து ஆறுகள் வற்றி, ஆற்றுப் படுகைக் குட்டைகளில் நுளம்பு பெருகிய கேகாலை, குருநாகல் பக்கமே அதிகம் செத்தது. வருடா வருடம் காய்ச்சலில் கிடக்கும் வறண்ட பிரதேசம் அந்த அளவுக்குத் துடிக்கவில்லை. அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு வன்னி பாதுகாப்பான இடம் என்று தோன்றும். உண்மையில் அங்கே தப்பி வளர்ந்தவர்களின் உடம்பு நோயோடு பழகியிருந்தது. அந்தப் பழக்கத்துக்கான விலையைக் குழந்தைகள் ஒவ்வொரு வருடமும் செலுத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியவர் எத்தனை பேர் என்று எடுத்த கணக்கு இதைச் சொன்னது. உயரமான கோடு அலையும்போது எல்லாரும் பார்ப்பார்கள். அலையாமல் உயரத்திலேயே நிற்கும் கோட்டைப் பார்ப்பவர் குறைவு.

1946இல் நுளம்பைக் கொல்லும் டி.டி.ரி. மருந்துத் தெளிப்பு தீவெங்கும் விரிந்தது. அந்த ஆண்டு ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த நாட்டின் மரண வீதம் 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. மருந்தின் வெற்றி என்று உலகம் கொண்டாடியது. பிறகுதான் வழக்குத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உணவு நிலைமை சீரானது, கிராமத்து வைத்தியசாலைகள் பெருகின. அவற்றின் பங்கு எவ்வளவு? மண்ணீரல் வீக்கம் அதிகமான மாவட்டங்களையும் குறைந்த மாவட்டங்களையும் எதிரெதிரே நிறுத்திக் கணக்குப் போட்டார்கள். போருக்குப் பிந்திய வீழ்ச்சியில் மலேரியா ஒழிப்பின் பங்கு 42 சதவீதம் என்றார் பீட்டர் நியூமன். 23 சதவீதம் என்றார் ரொனால்ட் கிரே. எஸ். ஏ. மீகமவும் இந்த விவாதத்தில் இறங்கினார். எடுத்துக்கொண்ட புள்ளிவிவரம் ஒன்றுதான், ஒப்பிட்ட முறை வேறு. வன்னிக்கோ இரண்டு விடையும் ஒரே திசையைக் காட்டின. காய்ச்சல் அதிகமாக இருந்த இடமாதலால் இறக்கமும் இங்கே பெரிது. குளம் கட்டி, குடியேற்றம் வைத்து, யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் ஆட்கள் வந்து தங்கக்கூடிய மண்ணாக வன்னி மாறியது அதன் பிறகே. வந்தவர்களில் இளவயதினர் அதிகம். இளவயதினர் கூடினால் மருந்தே இல்லாமலும் மரண வீதம் குறையும். அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

எல்லைகளும் நிலையாக நிற்கவில்லை. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1970களின் கடைசியில். கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1984இல். பழைய வவுனியா எண்ணைப் புதிய வவுனியா எண்ணோடு நேரே ஒப்பிடுபவர் இரண்டு வேறு நிலங்களை ஒப்பிடுகிறார்.

பிறகு வந்த உள்நாட்டுப் போர் இந்தக் கணக்கை உடைத்தே போட்டது. 1981க்குப் பிறகு வன்னியில் முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது 2012இல்தான். 2009 தொடக்கத்தில் போர் வலயத்துக்குள் 70,000 பேரளவில் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் சொல்லியது. வெளியே வந்தவர்களோ இரண்டரை இலட்சத்தைத் தாண்டினார்கள். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில், போரை விசாரித்த அரச ஆணைக்குழு முன் ஒரு கழித்தலை வைத்தார். மாவட்டச் செயலகமான கச்சேரியின் கணக்கின்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர் 4,29,059. அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர் 2,82,380. மீதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். கச்சேரிக் கணக்கு நிவாரணத்துக்காகக் கூட்டி எழுதியது என்றார்கள் மறுத்தவர்கள். விவாதம் சுழன்றதெல்லாம் அந்த முதல் எண்ணைச் சுற்றியே.

உயிரோடு வந்தவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டபோது, 2009இல் சின்னம்மையும் கல்லீரலைத் தாக்கும் செங்கமாரியும் பரவின. இரண்டும் வைரசு நோய்களே. நெருக்கமும் தண்ணீரும் கழிவறையும் காரணம் என்பதில் ஐயமில்லை. கணக்கு உயர்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஊரில் அம்மை கண்டால் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டி, கண்ணகி அம்மனுக்கு நேர்ந்து, உள்ளே படுக்க வைப்பார்கள். வைத்தியரிடம் போவது குறைவு. முகாமில் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே கிளினிக்கும் பதிவேடும் இருந்தன. அங்கே படுத்திருந்தவரும் ஓர் எண் ஆனார்.

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புப் பதிவுத் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம், காணாமற்போனவர்களுக்கும் மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. விரும்பியவர் பெற்றார்கள், பலர் மறுத்தார்கள். பெற்றவர்களின் விடயத்தில் சாவு நடந்த வருடம் ஒன்று, பதிவான வருடம் வேறு. பதிவான வருடத்தை வைத்து வரைபடம் கீறினால் போர் முடிந்த பிறகும் செத்துக்கொண்டிருந்த மாவட்டமாக முல்லைத்தீவு தெரியும்.

கொரோனா வந்தது இந்தப் பின்னணியில். 2021 மே நடுப்பகுதியில் புதுக்குடியிருப்பு ஆடைத் தொழிற்சாலையில் தொற்று வெடித்தது. முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. போரின் முடிவில் இறந்தவர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்கு ஓரிரு நாட்களே இருந்ததால், எண்ணை நம்பாதவர்கள் பலர். தொழிற்சாலை என்பது ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே நாளில் பரிசோதிக்கக்கூடிய இடம். அங்கே கண்டுபிடித்த எண்ணிக்கை நோயின் அளவோடு பரிசோதனையின் அளவையும் காட்டும். அந்த எண் மெய்யாகவே இருந்தாலும், அதை வைத்து மாவட்டம் முழுவதையும் அளப்பது வேறு வேலை.

சாவின் பக்கம் இன்னொரு ஓட்டை. இலங்கையில் மரணத்தை, அது நிகழ்ந்த இடத்தின் பதிவாளரே பதிவார். மூச்சு முட்டும் நோயாளியை மல்லாவியிலோ மாஞ்சோலையிலோ வைத்திருக்க மாட்டார்கள். அம்புலன்ஸ் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ ஓடும். அங்கே உயிர் பிரிந்தால் சாவு அந்த ஊரின் எண். முல்லைத்தீவின் மரண வீதம் தாழ்ந்தும் யாழ்ப்பாணத்தினது உயர்ந்தும் தெரிவதில் இந்த அம்புலன்சுக்குப் பங்குண்டு. 2012இல் முல்லைத்தீவின் சனத்தொகை ஓர் இலட்சத்துக்கும் குறைவு. மாதத்துக்குப் பத்துச் சாவு மாவட்டம் மாறிப் பதிந்தாலே வரைபடம் ஆடும்.

புதைக்கும் இடமும் பூசலானது. கொரோனாவில் இறந்த எல்லா உடல்களையும் எரிக்க வேண்டும் என்ற 2020 ஏப்ரல் விதி முஸ்லிம் குடும்பங்களை வதைத்தது. 2021 பெப்ரவரி கடைசியில் விதி தளர்ந்ததும், அடக்கத்துக்குக் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு முன்மொழியப்பட்டது. 1992இல் இடம்பெயர்ந்து 2018இல்தான் படகேறித் தீவுக்குத் திரும்பியிருந்த மீனவக் குடும்பங்கள் எதிர்த்துப் போராடின. மார்ச் 5ஆம் திகதி அடக்கம் தொடங்கியது மட்டக்களப்பின் ஓட்டமாவடியில்.

நாடு முழுவதற்குமான எண்களும் இதே எச்சரிக்கையைக் கேட்கின்றன. 2019இல் ஏறத்தாழ 1.46 இலட்சம் மரணங்கள் பதிவாகின. கொரோனா வந்த 2020இல் அது 1.32 இலட்சமாகக் குறைந்தது. ஊரடங்கில் வீதி விபத்தும் பிற தொற்றுகளும் குறைந்தது ஒரு காரணம். அலுவலகங்கள் பூட்டிக் கிடந்ததால் பதிவு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனதும் காரணமாகலாம். 2021இல் 1.64 இலட்சம். நாளுக்கு இருநூறுக்கு மேல் கொரோனாச் சாவு அறிவிக்கப்பட்ட ஓகஸ்ட் கடைசி அந்த வருடத்தில்தான். அதன் முடிவில் அரசு அறிவித்த மொத்தக் கொரோனா மரணம் சுமார் 15,000. 2022இல் கொரோனாச் சாவு இரண்டாயிரத்துக்கும் குறைவு, எல்லாச் சாவும் சேர்ந்து 1.80 இலட்சம். அந்த உயர்வில் அந்த வருடத்து மருந்துத் தட்டுப்பாட்டுக்கு எவ்வளவு, பிந்திப் பதிந்ததற்கு எவ்வளவு, முதுமையடையும் சனத்தொகைக்கு எவ்வளவு என்பது 1947 பற்றிய வழக்கைப் போல நீளக்கூடியது.

வன்னியின் பங்கைப் பிரித்தெடுக்க வேண்டுமானால் மரணத்தை நிகழ்ந்த இடத்தால் அடுக்காமல், இறந்தவரின் நிரந்தர வதிவிடத்தால் அடுக்க வேண்டும். வயது தெரிய வேண்டும், பதிந்த திகதியோடு இறந்த திகதியும் வேண்டும். கீழே வகுக்கும் சனத்தொகையும் வேண்டும். 2021இல் நடந்திருக்க வேண்டிய குடிசன மதிப்பீடு கொரோனாவால் தள்ளிப்போய் 2024இல் நடந்தது. அதனால் நோய் உச்சத்தில் இருந்த வருடத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்பதற்கு, 2012க்கும் 2024க்கும் நடுவே கோடு இழுத்துப் பெறும் மதிப்பீடே கைவசம் இருக்கிறது.