இரண்டு பீடங்கள்: கேத்தே கோல்விட்ஸின் பெற்றோர் சிலைகள் பற்றி

சொந்தத் துக்கத்திலிருந்து பிறந்த படைப்பு என்று ஒன்றைப் பற்றிச் சொல்லக் கேட்டவுடன் நாம் மேற்கொண்டு கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம். துக்கம் உண்மை, ஆகவே படைப்பும் உண்மை. இந்தச் சமன்பாடு நம்மிடையே வெகு சுலபமாகச் செலாவணியாகிறது. கவிதையில் இதன் விளைவுகளை நிறையவே பார்த்துவிட்டோம். சிற்பத்தில் இது இன்னும் சௌகரியமாக ஒட்டிக்கொள்கிறது. களிமண்ணில் விரல் பதிந்த தடம் தெரிந்தால் போதும், கலைஞனின் இதயமே அங்கே பதிந்திருப்பதாக எழுதிவிடலாம். ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் தன் மகனின் கல்லறைக்காகச் செய்த இரண்டு சிலைகளின் வரலாறு இந்தச் சமன்பாட்டுக்கு எதிரான சாட்சியம் என்று நான் நினைக்கிறேன். மகன் இறந்தது 1914இல். சிலைகள் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தது 1932இல். துக்கம் முதல் நாளே முழுமையாக இருந்தது. சிலைகள்தான் இல்லை. இடைப்பட்ட 18 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதே என் கேள்வி.

கோல்விட்ஸ் 1867இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். அன்று அது கிழக்குப் பிரஷ்யா. இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். 1891இல் கார்ல் கோல்விட்ஸ் என்ற மருத்துவரை மணந்து பெர்லினின் வடபகுதியில் குடியேறினார். கார்லிடம் வந்த நோயாளிகள் ஏழைத் தொழிலாளர்கள். அவர்களுடைய மனைவிமார்கள் கேத்தேயின் அறைக்கும் வந்து பேசினார்கள். அவருடைய படங்களிலும் வந்தார்கள். நெசவாளர்களின் எழுச்சி, விவசாயிகளின் போர் என்ற இரண்டு அச்சுப்பட வரிசைகளால் அவர் பெயர் பெற்றார். சிற்பம் பிறகு வந்தது. 1904இல் பாரிஸில் அகாதெமி ஜூலியனில் சிற்ப வகுப்பில் சேர்ந்து அடிப்படைகளைக் கற்றார். ரோடினின் பட்டறைக்கும் போய்வந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டில் செய்த ஒரு எட்சிங்கை இங்கே குறிப்பிட வேண்டும். ‘இறந்த குழந்தையுடன் பெண்’ என்பது அதன் பெயர். ஒரு பெண் குழந்தையின் உடலை முழு உடம்பாலும் வளைத்துக் கவ்விக்கொண்டிருக்கிறாள். மனித ஜீவனுக்கும் விலங்குக்கும் வித்தியாசம் மறைந்துபோகும் எல்லையில் அவள் இருக்கிறாள். இந்தப் படத்துக்காக கோல்விட்ஸ் கண்ணாடி முன் அமர்ந்து, ஏழு வயது மகன் பீட்டரைத் தன் கைகளில் கிடத்தி, தன்னையே மாதிரியாக வைத்து வரைந்தார். பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அந்த மகன்தான் போரில் இறந்தான். இதைத் தீர்க்கதரிசனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. குழந்தைச் சாவு அன்றாடச் செய்தியாக இருந்த ஒரு மருத்துவர் வீட்டில் இப்படி ஒரு படம் பிறக்க தீர்க்கதரிசனம் எதுவும் தேவையில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தான் அனுபவித்திராத ஒரு துக்கத்தை 1903இல் அவரால் அவ்வளவு வேகத்தோடு வரைய முடிந்தது. அதே துக்கம் நிஜமாகவே வந்தபோது முடியவில்லை.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. பீட்டருக்கு வயது 18. தானாக முன்வந்து படையில் சேர விரும்பினான். அந்த வயதில் தந்தையின் சம்மதமில்லாமல் சேர இயலாது. கார்ல் மறுத்தார். ஆகஸ்ட் 10 இரவு மகன் பேச்சில்லாமல் தாயைப் பார்த்தான். தாய் எழுந்து மகனுக்காகக் கணவரிடம் கேட்டார். கார்ல் இணங்கினார். இது கோல்விட்ஸின் நாட்குறிப்பில் இருக்கிறது. அக்டோபர் 22 இரவு, பெல்ஜியத்தின் டிக்ஸ்முடே நகருக்கு அருகே பீட்டர் கொல்லப்பட்டான். போர்முனைக்குப் போய் இரண்டு வாரம் ஆகியிருக்கவில்லை.

மகனைக் களத்துக்கு அனுப்பிய தாயைப் பாடிப் பெருமைப்பட்டுப் பழகியவர்கள் நாம். ஆகவே அந்த ஆகஸ்ட் இரவின் அர்த்தம் நமக்குச் சட்டென்று பிடிபடாமல் போகலாம். கோல்விட்ஸுடையது மகனை இழந்த தாயின் துக்கம் மட்டுமாக இருந்திருந்தால் 18 ஆண்டுகள் பிடித்திருக்காது என்பது என் எண்ணம். அவன் போவதற்குச் சம்மதம் வாங்கித் தந்தவர் அவர். துக்கத்துக்குள் ஒரு கணக்கு இருந்தது. அதைக் கல்லில் எப்படிச் சொல்வது?

1914 டிசம்பரிலேயே நினைவுச் சின்னத்துக்கான முதல் திட்டம் உருவாகிவிட்டது. பீட்டரின் உடல் நீட்டிக் கிடக்கும். தலைமாட்டில் தந்தை, கால்மாட்டில் தாய். பெர்லினுக்கு அருகே ஹாஃபெல் ஆற்றைப் பார்த்த உயரத்தில் அதை வைக்க வேண்டும். பீட்டருக்கு மட்டுமாக இல்லாமல், தாமாக முன்வந்து மாண்ட இளைஞர்கள் அனைவருக்குமாக அது இருக்க வேண்டும். இந்தத் திட்டத்தின் காலச் சூழலையும் பார்க்க வேண்டும். 1914 நவம்பரில் ஜெர்மன் ராணுவத் தலைமை ஓர் அறிக்கை விட்டது. லாங்கமார்க் அருகே இளம் படைப்பிரிவுகள் தேசப் பாடலைப் பாடிக்கொண்டே எதிரியின் மேல் பாய்ந்தன என்பது அதன் சாரம். இது பிற்பாடு ஒரு புராணமாகவே வளர்ந்தது. நாஜிகள் அதை ஆசையோடு எடுத்துக்கொண்டார்கள். பீட்டர் இறந்த இடமும் காலமும் தலைமுறையும் அந்தப் புராணத்துக்கு உரியவை. மலர்ந்த இளமை, உவந்து தந்த பலி என்கிற பாஷை அன்று காற்றில் இருந்தது. கோல்விட்ஸின் முதல் திட்டமும் அந்தக் காற்றையே சுவாசித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகள் அவர் அதில் உழைத்தார். களிமண்ணில் செய்தார், கலைத்தார், மீண்டும் செய்தார். இதற்கிடையே அவரே மாறிக்கொண்டிருந்தார். 1918 அக்டோபரில் கவிஞர் ரிச்சர்ட் டேமெல், எஞ்சியிருப்பவர்களும் தாமாக முன்வந்து படையில் சேர வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். கோல்விட்ஸ் அதை மறுத்துப் பகிரங்கமாக எழுதினார். போதுமான பேர் மாண்டுவிட்டார்கள், இனி ஒருவரும் போகக்கூடாது என்பது அவர் நிலை. 1914 ஆகஸ்டில் கணவரிடம் வாதாடியவர் 1918 அக்டோபரில் தேசத்திடம் எதிர்வாதம் செய்தார். மறு ஆண்டு, 1919இல், சின்னத்தின் வேலையை நிறுத்தி, செய்தவரையில் பிரித்துப் போட்டுவிட்டார். கலை வரலாற்றுப் புத்தகங்கள் இதை ஓர் இடைவெளியாகக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றன. இதைத்தான் நான் மையம் என்பேன். பலியைக் கொண்டாடும் ஓர் உருவத்தைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதை அவருடைய கை அவருக்கு முன்பே உணர்ந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

நிறுத்திய பிறகு அவர் மரச்செதுக்கைக் கையில் எடுத்தார். 1923இல் வெளிவந்த ‘போர்’ வரிசையில் ஏழு படங்கள். முதல் படத்தின் பெயர் ‘பலி’: ஒரு தாய் கண்ணை மூடித் தன் குழந்தையை இரு கைகளாலும் நீட்டிக் கொடுக்கிறாள். அடுத்தது ‘தொண்டர்கள்’: மரணம் பறையடித்துக்கொண்டு முன்னே போக, இளைஞர்கள் மயங்கிப் பின்தொடர்கிறார்கள், மரணத்தை ஒட்டி நிற்பவன் பீட்டர். சம்மதம் தந்த கை இங்கே முதன்முறையாக வெளிப்படையாக வரையப்பட்டுவிட்டது. அச்சுப்படம் ஊர் ஊராகப் போகும். 1931இல் சீனாவில் இளம் எழுத்தாளர் ரௌ ஷி சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய நண்பர் லூ ஷுன் நினைவஞ்சலியாக ஒரு பத்திரிகையில் வெளியிட்டது இந்தப் ‘பலி’யைத்தான். பெர்லினில் ஒரு தாயின் கணக்கு ஷாங்காயில் வேறொரு தாய்க்கானதாக ஆயிற்று.

சொல்ல வேண்டியதை மரச்செதுக்கு சொல்லிவிட்டதென்றால் சிலை எதற்கு? அச்சுப்படம் எங்கும் இருக்கும், கல்லறை ஓரிடத்தில்தான் இருக்கும் என்பதே இதற்குப் பதில் என்று நினைக்கிறேன். படத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அவன் புதைந்த இடத்துக்குப் போய் மண்டியிட வேண்டியிருந்தது. 1920களின் நடுவில் வேலையை மீண்டும் தொடங்கியபோது திட்டத்திலிருந்து பீட்டர் மறைந்துவிட்டான். மகன் உருவம் இல்லை, வீரன் இல்லை, மலர்ந்த இளமை இல்லை. பெற்றோர் மட்டும். 1926 ஜூனில் கணவரும் மனைவியும் பெல்ஜியத்தில் ராகவெல்டே என்ற இடத்திலிருந்த படைவீரர் இடுகாட்டுக்குப் போய் மகனின் கல்லறையைப் பார்த்தார்கள். சிலைகள் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது உறுதியாயிற்று. அடுத்து இன்னொன்றும் நிகழ்ந்தது. ஒன்றாக இருக்க வேண்டிய தந்தையும் தாயும் தனித்தனி உருவங்களாகப் பிரிந்தார்கள். தனித்தனிப் பீடங்கள்.

நான் இவற்றைப் புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறேன். தந்தை நிமிர்ந்து மண்டியிட்டிருக்கிறார். கைகளைக் குறுக்கே கட்டித் தன் உடம்பையே இறுக்கிப் பிடித்திருக்கிறார், விட்டால் சரிந்துவிடுவார்போல. தாய் குனிந்து தணிந்திருக்கிறார். அது கேத்தேயின் முகமேதான். ஒருவர் மேல் ஒருவர் சாயவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. துக்கம் மனிதரை ஒன்றுசேர்க்கும் என்று நாம் சொல்லிக்கொள்வதை இந்த இடைவெளி மறுக்கிறது. மறுத்த தந்தையும் கேட்டு வாங்கிய தாயும் ஒரே பீடத்தில் எப்படி மண்டியிட முடியும்? ஆகஸ்ட் 10 இரவு அந்த இரண்டு பீடங்களுக்கு நடுவே இருக்கிறது. இது என் வாசிப்பு. கோல்விட்ஸ் இப்படிச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை.

கையால் செய்தது என்பதையே கலையின் மெய்க்குச் சான்றாகக் காட்டுபவர்களுக்கு ஒரு தகவல். கல்லைச் செதுக்கியது கோல்விட்ஸின் கை இல்லை. களிமண்ணும் பிளாஸ்டரும் அவருடையவை. 1931இல் பிளாஸ்டர் உருவங்கள் பெர்லினில் பிரஷ்யக் கலை அகாதெமியின் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அவற்றைப் பார்த்துப் பெல்ஜியக் கருங்கல்லில் தாயைச் செதுக்கியவர் அவுகுஸ்ட் ராடெஸ். தந்தையை ஃப்ரிட்ஸ் டீடெரிஷ். இதனால் சிலைகளில் எதுவும் குறைந்துவிடவில்லை. அளவும் இடமும் அவர் தீர்மானித்தபடியே இருந்தன. 1932 ஜூலையில் ராகவெல்டேயில் சிலைகள் நிறுவப்பட்டன. அதே ஜூலை 31ஆம் தேதி நடந்த தேர்தலில் நாஜிக் கட்சி 230 இடங்களோடு ஜெர்மனியின் மிகப் பெரிய கட்சியாயிற்று.

ஹிட்லர் பதவிக்கு வந்த சில வாரங்களில், 1933இன் தொடக்கத்தில், நாஜிகளுக்கு எதிராக இடதுசாரிகள் ஒன்றுபட வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக கோல்விட்ஸ் அகாதெமியிலிருந்து வெளியேற நேர்ந்தது. எழுத்தாளர் ஹைன்ரிஷ் மன்னும் அவ்வாறே. 1936க்குப் பின் அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைக்க இடமில்லை. 1937இல், பீட்டரின் நினைவு நாளையொட்டி எழுதிய குறிப்பில், சிறியதொரு சிலையில் வேலை செய்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார். இறந்த மகனை முழங்கால்களுக்கு இடையே வைத்திருக்கும் வயதான தாய். உயரம் ஏறக்குறைய 38 சென்டிமீட்டர். 1940இல் கார்ல் இறந்தார். 1942இல் பேரன் ரஷ்யப் போர்முனையில் கொல்லப்பட்டான். அவன் பெயரும் பீட்டர். 1943 நவம்பரில் குண்டுவீச்சில் வீடு அழிந்தது. 1945 ஏப்ரல் 22 அன்று, போர் முடிய 16 நாட்கள் இருக்கும்போது, டிரெஸ்டனுக்கு அருகே மோரிட்ஸ்பர்கில் கோல்விட்ஸ் இறந்தார்.

அந்தச் சிறிய சிலைக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனிகள் இணைந்தபின், 1993 நவம்பரில், பெர்லினில் ‘நோய வாஹே’ என்ற பழைய காவல் மண்டபத்தில் அதை ஏறக்குறைய நான்கு மடங்கு பெரிதாக்கி வைத்தார்கள். போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானவர்களுக்கு அது தேசத்தின் நினைவுச் சின்னமாயிற்று. பெரிதாக்கிய சிற்பி ஹரால்ட் ஹாக்கே. வரலாற்றாசிரியர் ரைன்ஹார்ட் கோஸெலெக் கடுமையாக ஆட்சேபித்தார். மகனைத் தாங்கிய தாய் என்பது கிறிஸ்தவ வடிவம், கொல்லப்பட்ட யூதர்களுக்கு அதில் இடமெங்கே என்பது ஒரு கேள்வி. தாய் உயிரோடிருந்து துக்கிக்கும் சிலையில், கொல்லப்பட்ட தாய்மார்கள் எங்கே என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். நான் மூன்றாவது ஒன்றைச் சேர்ப்பேன். ராகவெல்டேயிலும் வேறொருவர் கை, இங்கேயும் வேறொருவர் கை. ஆனால் இங்கே அளவு போய்விட்டது. குனிந்து பார்க்கவேண்டிய ஒன்றைச் சுற்றிவந்து பார்க்கும்படி ஆக்கிவிட்டார்கள். தன்னிடம் தானே கணக்குக் கேட்ட ஒருத்தியின் சிலையை, யாரும் யாரிடமும் கணக்குக் கேட்காத ஒரு பொதுத் துக்கத்துக்கு அரசு எடுத்துக்கொண்டது. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே வாசகத்தின் கீழ் பலியானவர்கள் ஆகிவிடுகிறார்கள். தனி அனுபவத்தைப் பெரிதாக்கினால் பொது அனுபவம் ஆகிவிடும் என்ற நம்பிக்கை நம் இலக்கியத்திலும் உண்டு.

பெற்றோர் சிலைகள் இன்று ராகவெல்டேயில் இல்லை. 1950களில் அந்தப் பகுதியின் சிறிய இடுகாடுகளை ஒன்றுசேர்த்தபோது பீட்டரின் கல்லறையோடு சிலைகளும் அருகிலிருந்த ஃப்ளாட்ஸ்லோவுக்குப் போயின. அங்கே புதைந்திருப்பவர்கள் 25,000க்கு மேல். தரையோடு தரையாகப் பதித்த ஒவ்வொரு கல்லிலும் 20 பெயர்கள். தந்தையின் பார்வை விழும் கல்லில் பீட்டர் கோல்விட்ஸ் என்ற பெயர் இருக்கிறது, மற்ற 19 பேருடன், அதே அளவு எழுத்தில்.