'குழப்பம்' என்றொரு சாதி: நுண்ணங்கிகளுக்குப் பெயர் வைத்த கதை

உயிரியல் படித்த ஆக்களிடம் 'பாகுபாடு' என்ற அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோ. முகத்தில் ஒரு சலிப்பு வரும். இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று வரிசையாகப் பாடமாக்கி, பரீட்சையில் எழுதி, அடுத்த கிழமையே மறந்துபோகிற விசயம் அது. யாரோ உயிர்களைக் கண்டுபிடித்து முடித்த பிறகு, வேறு யாரோ ஆறுதலாக இருந்து லாச்சியில் அடுக்கி வைத்தார்கள் என்ற மாதிரித்தான் எங்களுக்கு அதைச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் விசயத்தில் கதை அப்படி நடக்கவில்லை. மனிதர் அவற்றைக் கண்டு ஏறக்குறைய இருநூறு வருசம் ஆகியும், எப்படிப் பிரிப்பது என்று தெரியாததால், நோயைப் பற்றி அவற்றிடம் எதையும் கேட்க முடியவில்லை. 'இவற்றில் இனம் என்று ஒன்று இருக்கிறதா?' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் 'இந்த நோய்க்கு இந்தக் கிருமி' என்ற வசனத்தையே சொல்ல முடிந்தது.

துணி வியாபாரியின் கடிதம்

1676 ஒக்ரோபர் 9. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்திலிருந்து லண்டன் றோயல் சொசைற்றிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதப்படுகிறது. எழுதியவர் அன்ரனி வான் லீவன்ஹூக், ஒரு துணி வியாபாரி. பல்கலைக்கழகம் போகாதவர். அந்தக் காலத்து அறிஞர்களின் மொழியான இலத்தீனும் தெரியாது, டச்சு மொழியில்தான் எழுதினார். (எங்கட நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் வைத்த 'டெல்ஃப்ட்' என்ற பெயர் இந்த நகரத்தின் பெயர்தான். அவர் கடிதம் எழுதிய நாளில் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கையில்தான் இருந்தது.)

மிளகு ஏன் உறைக்கிறது என்று அறிய அவருக்கு ஆசை. மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சில கிழமைகள் கழித்துத் தானே தேய்த்துச் செய்த வில்லையால் அந்தத் தண்ணீரைப் பார்த்தார். உறைப்புக்குக் காரணம் அகப்படவில்லை. நம்பமுடியாத அளவு சின்ன உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. அவர் செய்த கருவிகளில் இன்று மிஞ்சியிருப்பவற்றில் சிறந்தது ஏறக்குறைய 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. ஒற்றை வில்லைக்கு அது பெரிய விசயம்.

லண்டனில் உடனே நம்பவில்லை. 1677 நவம்பரில் றொபேட் ஹூக் அதே பரிசோதனையைச் செய்து காட்டிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். 1683இல் லீவன்ஹூக் தன் பல்லிடுக்கு அழுக்கையும் சுரண்டிப் பார்த்து, அதில் கண்ட உருவங்களை வரைந்து அனுப்பினார். பக்டீரியாவின் படங்கள் அவை.

அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'சின்ன விலங்குகள்'. அசைகிறது, ஆனபடியால் விலங்கு. முதல் நாளிலேயே அவை ஒரு பெட்டிக்குள் போய்விட்டன. யாரும் யோசித்துச் செய்த பெட்டி அல்ல அது. மனிதக் கண்ணுக்குப் பழகிய பெட்டி.

லினேயஸ் கைவிட்ட இடம்

உயிர்களுக்கு இருசொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்தியவர் சுவீடன்காரரான கார்ல் லினேயஸ். ஆயிரக்கணக்கான தாவரங்களையும் விலங்குகளையும் ஒழுங்குபடுத்திய மனிசன், நுண்ணங்கிகளிடம் வந்ததும் தடுமாறினார். தன் நூலின் பன்னிரண்டாம் பதிப்பில், 1767இல், அவற்றைப் புழுக்களின் வகுப்புக்குள் ஒரு சாதியாகப் போட்டார். (உயிரியலில் 'சாதி' என்றால் இனத்துக்கு மேலே உள்ள படி. ஊரில் கதைக்கிற சாதி அல்ல.) அந்தச் சாதிக்கு அவர் வைத்த பெயர் 'கேயொஸ்'. தமிழில் சொன்னால், குழப்பம்.

எங்களுக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல அடுக்காமல், தெரியாது என்பதையே பெயராக வைத்துவிட்டார்.

அடுத்து வந்த டென்மார்க்கின் ஒட்டோ பிரெட்ரிக் முல்லர் குழப்பத்தைப் பிரிக்கத் தொடங்கினார். அவர் இறந்த பிறகு 1786இல் வெளிவந்த நூலில் முன்னூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் படங்களோடு இருந்தன. 'விப்ரியோ' என்ற பெயர் அவர் தந்தது. 'பக்டீரியம்' என்ற பெயரைத் தந்தவர் ஜேர்மனியரான ஏரன்பேர்க். அவர் 1838இல் வெளியிட்ட பெரிய நூலில் இன்னொரு சிக்கல் இருந்தது. விலங்கு என்றால் வயிறு இருக்கவேண்டும் அல்லவா? நுண்ணங்கிகளுக்குச் சாயம் கலந்த உணவைக் கொடுத்து, உள்ளே தெரிந்த நிறப் புள்ளிகளைப் 'பல வயிறுகள்' என்று முடிவு கட்டினார். மூன்று வருசத்தில் பிரான்சின் டுஜார்டன் அதை மறுத்தார். பெட்டியை முதலில் தெரிவு செய்தால், கண்ணும் அந்தப் பெட்டிக்கு ஏற்றதைத்தான் காணும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மாறுமா, மாறாதா?

பிரெஸ்லவ் நகரில் (இன்று போலந்தின் விரொட்ஸ்வாவ்) பிறந்த பேர்டினன்ட் கோன் ஒரு தாவரவியலாளர். யூதர் என்பதால் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டப் பரீட்சைக்கு இடம் தரவில்லை. பெர்லின் போய்ப் பட்டம் வாங்கி, பிறகு அதே ஊரில் பேராசிரியரானார். 1872இல் அவர் பக்டீரியாக்களை நான்கு கூட்டங்களாகவும் ஆறு சாதிகளாகவும் பிரித்தார். கோளம், கோல், நூல், சுருள் என்று உருவத்தை வைத்துத்தான் பிரித்தார். இது தற்காலிக ஏற்பாடு என்றும் அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு விசயத்தில் உறுதியாக நின்றார்: பக்டீரியாவிலும் ஆலமரம், அரசமரம் போல நிலையான இனங்கள் உண்டு. இன்றைக்குக் கோளமாக இருப்பது நாளைக்குச் சுருளாகிவிடாது.

இதை எல்லாரும் ஏற்கவில்லை. மியூனிக்கின் கார்ல் நேகெலி அந்தக் காலத்தில் மிகப் பெரிய பெயர். மெண்டல் தன் பட்டாணி ஆய்வைப் பற்றி எழுதிய கடிதங்களின் பெறுமதியை விளங்கிக்கொள்ளாமல் விட்டவரும் இவர்தான். 1877இல் நேகெலி எழுதியது கோனுக்கு நேரெதிர்: பக்டீரியாவில் நிலையான இனம் என்று இல்லை, சூழலுக்கு ஏற்ப ஒன்று இன்னொன்றாக மாறும். அவரோடு வேலை செய்த ஹான்ஸ் புக்னர் 1880இல் ஒரு படி மேலே போனார். வைக்கோலில் வாழும் தீங்கற்ற பக்டீரியாவை அந்திராக்ஸ் நோயின் பக்டீரியாவாக மாற்றிக் காட்டியதாகச் சொன்னார்.

இதெல்லாம் பேராசிரியர்களின் வறட்டுச் சண்டை என்று தோன்றலாம். ஆனால் நேகெலி சொன்னது சரியென்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. எந்தக் கிருமியும் எந்தக் கிருமியாகவும் மாறுமெண்டால், 'அந்திராக்ஸ் கிருமி' என்று ஒன்று இல்லை. அப்படி ஒன்று இல்லாவிட்டால் அதைத் தேடவும் முடியாது, தடுக்கவும் முடியாது. காசநோய், கொலரா எல்லாத்துக்கும் இதே கதிதான்.

றொபேட் கொக் அப்போது வொல்ஸ்ரைன் என்ற சின்ன ஊரில் வைத்தியர். மாட்டுக் கண்ணின் நீரில் அந்திராக்ஸ் பக்டீரியாவை வளர்த்து, கோல் நூலாக நீண்டு, நூலுக்குள் வித்திகள் உண்டாகி, வித்தி மறுபடி கோலாவதைக் கவனித்தார். உருவம் மாறுகிறதுதான். ஆனால் புழு வண்ணத்துப்பூச்சி ஆவதுபோல, ஒரே இனத்தின் வாழ்க்கைச் சுற்றுக்குள் நடக்கும் மாற்றம் அது. 1876 ஏப்ரலில் கோனுக்கு எழுதி, பிரெஸ்லவ் போய் அவருக்கு முன்னாலேயே செய்து காட்டினார். கோன் அதைத் தன் சஞ்சிகையில் உடனே வெளியிட்டார். அந்தச் சஞ்சிகையின் பெயர் 'தாவரங்களின் உயிரியல்' பற்றியது. அப்போது பக்டீரியா தாவரப் பெட்டிக்கு மாறியிருந்தது!

உருளைக்கிழங்கும் கடற்பாசியும்

புக்னரின் பரிசோதனையில் எது பிழைத்தது? ஒரு போத்தல் சூப்பில் இரண்டு இனங்கள் கலந்திருந்தால், ஒன்று குறைய மற்றது பெருகும். பார்ப்பவருக்கு ஒன்று மற்றதாக மாறினது போலத் தெரியும். ஆகவே இனம் நிலையானதா என்ற கேள்விக்கு வாதம் போதாது. ஒரு இனத்தைத் தனியாகப் பிரித்து வளர்க்க வேண்டும்.

திரவத்தில் எல்லாம் கலந்துவிடும். திண்மத்தில் கலக்காது. கொக் அவித்த உருளைக்கிழங்குத் துண்டுகளைப் பயன்படுத்தினார். அதில் வெவ்வேறு நிறத்தில் புள்ளிகள் வளர்ந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஒரே வகைப் பக்டீரியாவின் கூட்டம். ஆனால் எல்லாக் கிருமியும் உருளைக்கிழங்கில் வளராது. ஜெலற்றின் எடுத்தால், மனித உடலின் 37 பாகைச் சூட்டில் அது உருகிவிடுகிறது.

வழி குசினியிலிருந்து வந்தது. கொக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வால்ரர் ஹெஸ்ஸவின் மனைவி பனி ஹெஸ்ஸ, கணவருக்குப் படங்கள் வரைந்து கொடுத்து வேலையில் உதவியவர். வெயில் காலத்திலும் உருகாத இனிப்புக்கு அவர் பாவித்தது அகார். நோன்பு காலத்தில் எங்கட ஊர் வீடுகளில் செய்கிற கடற்பாசி இருக்கிறதே, அதே பொருள்தான். 1881இல் அதை ஆய்வுகூடத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றிய தன் கட்டுரையில் கொக் அகாரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். ஹெஸ்ஸவின் பெயர் அதில் இல்லை. கிருமிகளுக்கு எல்லாம் பெயர் வைத்த காலத்தில், அவற்றைப் பிரித்தெடுக்க வழி சொன்ன பெண்ணின் பெயரை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஹம்பேர்க், 1892

1854இலேயே புளோரன்சில் பிலிப்போ பச்சினி, கொலராவால் இறந்தவர்களின் குடலில் விப்ரியோக்களைக் கண்டு எழுதியிருந்தார். ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. நோய் கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பிய காலம் அது. ஒரு பக்டீரியா இனமும் ஒரு நோயும் சோடி என்ற எண்ணமே அப்போது உருவாகவில்லை. பச்சினி 1883இல் இறந்தார். அடுத்த வருசம் கல்கத்தாவில் கொக் அதே கிருமியைக் காரணம் என்று அறிவித்தார்.

அதற்குப் பிறகும் மியூனிக்கின் மக்ஸ் பெற்றன்கோஃபர் ஏற்கவில்லை. கிருமி மட்டும் போதாது, அந்த ஊரின் மண்தான் நோயைத் தீர்மானிக்கிறது என்பது அவர் கட்சி. சூழல்தான் பக்டீரியாவை மாற்றுகிறது என்ற நேகெலியின் கருத்து இதற்கு வசதியாக இருந்தது. அப்படியெண்டால் குடிதண்ணீரை வடிகட்டக் காசு செலவழிக்கத் தேவையில்லைத்தானே? ஹம்பேர்க் நகரத்தின் ஆட்சியாளர்களுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. எல்ப ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமலே விநியோகித்தார்கள்.

1892இல் கொலரா வந்தது. சில மாதங்களுக்குள் ஹம்பேர்க்கில் 8,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த அல்ரொனா நகரமும் அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் எடுத்தது, ஆனால் மணலால் வடிகட்டியது. அங்கே பாதிப்பு மிகக் குறைவு. ஒரே காற்று, ஒரே மண், ஒரே ஆறு. வித்தியாசம் வடி மட்டும்தான்.

அந்த ஒக்ரோபரில், 73 வயதான பெற்றன்கோஃபர் கொலரா பக்டீரியா வளர்த்த திரவத்தை எல்லாருக்கும் முன்னால் குடித்துக் காட்டினார். கொஞ்சம் வயிற்றோட்டம், வேறொன்றும் இல்லை. தான் வென்றதாக நினைத்தார். கிருமி உள்ளே போன எல்லாருக்கும் நோய் கடுமையாக வருவதில்லை என்று இன்று எங்களுக்குத் தெரியும். பெற்றன்கோஃபரின் துணிச்சலை மெச்சலாம். ஹம்பேர்க்கில் செத்த சனத்துக்கு அந்தத் துணிச்சலால் ஒரு பிரயோசனமும் இல்லை.

பெட்டி திரும்பவும் உடைந்தது

அப்ப கோனும் கொக்கும் முழுக்கச் சரியா? இல்லை. 1928இல் இங்கிலாந்தின் பிரெட்ரிக் கிரிபித், நிமோனியாவின் தீங்கற்ற பக்டீரியா, இறந்த ஆபத்தான பக்டீரியாவிடமிருந்து ஏதோ ஒன்றைப் பெற்று ஆபத்தானதாக மாறுவதைக் காட்டினார். அந்த 'ஏதோ ஒன்று' டி.என்.ஏ. என்று பிறகு தெரியவந்தது. இன்று நுண்ணுயிர்க்கொல்லிக்கு அடங்காத தன்மை ஒரு பக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுவதும் இந்த மாதிரி வழிகளால்தான். நேகெலி நினைத்த மாதிரி இனம் விட்டு இனம் தாவவில்லை. ஆனால் கோன் நினைத்த மாதிரி இறுகியும் இல்லை.

தாவரம், விலங்கு என்ற இரண்டு பெட்டிகளும் போதாது என்று 1866இலேயே எர்ன்ஸ்ட் ஹெக்கல் சொல்லி, 'புரொட்டிஸ்டா' என்று மூன்றாவது இராச்சியத்தை முன்வைத்தார். 1977இல் அமெரிக்காவில் கார்ல் வூஸும் ஜோர்ஜ் பொக்ஸும் உருவத்தை விட்டுவிட்டு, கலத்துக்குள் இருக்கும் றைபோசோம் ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டார்கள். மீதேன் வாயுவை உண்டாக்கும் சில 'பக்டீரியாக்கள்' பக்டீரியாவே இல்லை என்று வந்தது. நுணுக்குக்காட்டியில் ஒரே மாதிரித் தெரிந்தவை, பரம்பரையில் எங்கேயோ தூரத்தில் நின்றன. நாங்கள் இன்று பாடமாக்கும் பக்டீரியா, ஆர்க்கியா, இயூக்கரியா என்ற மூன்று பேரிராச்சியங்கள் 1990இல்தான் முன்வைக்கப்பட்டன. அந்தப் பாடம் எங்களில் பலரைவிட அவ்வளவு மூத்தது அல்ல.

ஆகவே பாகுபாட்டைப் பாடமாக்கும்போது இரண்டு விசயத்தைச் சேர்த்து ஞாபகம் வைக்கலாம். பெட்டி இல்லாமல் எதையும் பிடிக்க முடியாது. கொலராவுக்கு ஒரு பெயரும் ஒரு இடமும் கிடைத்த பிறகுதான் தண்ணீரை வடிகட்டச் சொல்லி அடித்துச் சொல்ல முடிந்தது. அதேநேரம் பெட்டி நாங்கள் செய்தது. உயிர்கள் அதற்குள் இருக்க ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கவில்லை. 1965இல் கொலராப் பக்டீரியாவின் அதிகாரபூர்வப் பெயரோடு பச்சினியின் பெயரையும் 1854 என்ற ஆண்டையும் சேர்த்து எழுத முடிவானது. நூற்றுப் பதினொரு வருசம் பிந்தித்தான். பெயர் வைக்கிற வேலை இன்னும் முடியவில்லை.