இடிக்கவா, சீரமைக்கவா? தூத்துக்குடி உப்புக்காற்றில் பழைய ஆய்வகக் கட்டடங்கள்: தெரிஞ்சுக்க வேண்டியவை

தூத்துக்குடி கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன் பிறகு முத்தின் கதை ஆய்வகத்துக்கு மாறியது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இதே ஊரில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். 1977-ல் மீன்வளக் கல்லூரி வந்தது.

அந்தக் காலகட்டத்தில் இந்தக் கரையோரம் எழுந்த கான்கிரீட் கட்டடங்களுக்கு இப்போது வயது 40, 50. அன்னைக்கு ஆய்வகம்னா மின்விசிறி, டியூப்லைட், மைக்ரோஸ்கோப். இன்னைக்கு டிஎன்ஏ பரிசோதனைக் கருவி, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர், ராத்திரி பகலா ஓடும் ஏசி. கட்டடம் மட்டும் பழசு. அதை என்ன செய்வது?

சுவருக்குள் என்ன நடக்கிறது?

கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துரு பிடிக்காமல் காக்கிறது. கடல்காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காப்பை உடைத்துவிடும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கும். சீலிங்கில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிவது இதனால்தான்.

1978-ம் ஆண்டு கட்டுமானத் தரநிலையில் எம்15 கலவையில்கூட கம்பி போட்ட கான்கிரீட் கட்ட முடிந்தது. 2000-ல் திருத்தப்பட்ட ஐஎஸ் 456 தரநிலை, கடலோரப் பகுதிகளுக்குக் குறைந்தது எம்30 கலவையும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாக்கும் வேண்டும் என்கிறது. பழைய கட்டடங்கள் பல இதற்கு ரொம்ப தூரத்தில் நிற்கின்றன.

பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி பெயின்ட் அடிச்சா போதுமா? போதாது. சில நேரம் அது கெடுதலும் கூட. புதுப் பூச்சு இருக்கும் இடத்தில் கம்பி பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதன் ஓரத்தில், உப்பேறிய பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முன்பைவிட வேகமாக அரிக்கும். அதனால்தான் நம் ஊர் அலுவலகங்களில் பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே சில வருஷத்தில் மறுபடி விரிசல் வருகிறது. கம்பிக்குப் பின்புறம் வரை உப்பேறிய கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, தேவைப்பட்டால் துத்தநாகத் துண்டுகளைக் கம்பியோடு இணைத்து, பிறகு நிரப்ப வேண்டும். கம்பிக்குப் பதிலாகத் துத்தநாகம் அரிபட்டுப்போகும்.

முதலில் பரிசோதனை. சின்ன கான்கிரீட் உருளையை வெட்டி எடுத்து, பினாப்தலீன் தெளிப்பார்கள். இளஞ்சிவப்பாக மாறினால் காரம் மிச்சம் இருக்கிறது. நிறம் வராத பகுதியில் காப்பு போய்விட்டது. குளோரைடு எந்த ஆழம் வரை போயிருக்கிறது என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும். இதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. துரு அரிப்பு ஆய்வில் பெயர்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு தூத்துக்குடியிலேயே ஒரு மையம் உண்டு.

ஆய்வகம் ஏன் இவ்வளவு கரண்ட் இழுக்குது?

ஒரே அளவு அலுவலகத்தைவிட ஆய்வகம் பல மடங்கு மின்சாரம் கேட்கும். காரணம், காற்று. ரசாயனப் புகையை இழுக்கும் கூண்டு, ஏசி போட்டு குளிர்வித்த காற்றையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும். கூண்டின் கண்ணாடிக் கதவை இறக்கி வைத்து, அதற்கேற்ப விசிறியின் வேகம் குறையும்படி அமைத்தாலே பெரிய மிச்சம். மைனஸ் 80 ஃப்ரீசரை மைனஸ் 70-ல் வைத்தால் அதன் மின்செலவு சுமார் 30 சதவீதம் குறையும் என்கிறார்கள். பல மாதிரிகளுக்கு அதுவே போதும். எதற்குப் போதாது என்பதை ஆய்வாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிப்பி, இறால் குஞ்சு வளர்க்கும் இடத்தில் கடல்நீர் பம்பும் காற்று ஊதும் பிளோயரும் நிற்கவே கூடாது. நிறுத்த முடியாது, ஆனால் வேகத்தைக் குறைக்கலாம். நீரைச் சுற்றவிடும் பம்பின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்தேவை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

எது முதலில்?

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். புது ஏசியையும் சோலாரையும் முதலில் வாங்கிவிட்டு, வெயில் குடிக்கும் மொட்டைமாடியை அப்படியே விட்டுவிடுவார்கள். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931-ல் திறக்கப்பட்டது. அதைப் புதுப்பித்தபோது 6,500-க்கும் மேற்பட்ட ஜன்னல்களை அங்கேயே பிரித்து மறுசீரமைத்தார்கள். வெப்பம் குறைந்ததால் குளிரூட்டும் இயந்திரங்களைப் பெரிதாக மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. 38 சதவீத ஆற்றல் மிச்சத்தை இலக்காக வைத்த திட்டம் அது.

தூத்துக்குடியில் அதே வரிசை இப்படி இருக்கும்: மாடிக்கு வெள்ளை கூலிங் டைல்ஸ், மேற்கு வெயிலுக்கு நிழல், கதவு இடுக்குகளை அடைப்பது, பிறகு அளவு குறைந்த ஏசி, கடைசியாக சோலார். பழைய கட்டடங்களின் நீள வராண்டாவும் சன்ஷேடும் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்கின்றன. அதை மூடி முகப்பு முழுக்கக் கண்ணாடி ஒட்டுவதுதான் 'நவீனம்' என்று யாராவது சொன்னால், கரண்ட் பில்லை அவரிடம் கொடுக்கலாம்.

மழை குறைவான ஊர் என்பதால் சோலாருக்கு வெயில் தாராளம். ஆனால் பேனல் மேல் உப்பும் தூசியும் படியும். அடிக்கடி கழுவ ஆள் வேண்டும். தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு பெயின்ட் போதாது, துத்தநாகக் குளியல் கொடுத்ததாக இருக்க வேண்டும். ஏசியின் வெளி யூனிட்டுக்கும் உப்பு தாங்கும் பூச்சு கேட்டு வாங்க வேண்டும்.

2023 டிசம்பர் மழை

அந்த மாதம் 17, 18 தேதிகளில் பக்கத்து காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டமே தண்ணீரில் நின்றது. இனி இங்கே ஆய்வகம் புதுப்பிப்பவர்கள் மின்பலகை, ஜெனரேட்டர், ஃப்ரீசர் எதையும் தரைமட்டத்தில் வைக்கக் கூடாது. பத்து வருஷம் சேர்த்த மாதிரிகள் உருகிப்போனால் எந்த இன்சூரன்ஸும் திருப்பித் தராது. மேல்தளத்துக்கு மாற்றும்போது அந்தத் தளம் எடையைத் தாங்குமா என்பதையும் பொறியாளர் பார்க்க வேண்டும்.

இடிச்சுட்டு புதுசா கட்டினா என்ன?

உலகின் கார்பன் வெளியேற்றத்தில் ஏழெட்டு சதவீதம் சிமென்ட் தயாரிப்பில் இருந்து வருகிறது. இருக்கும் தூணையும் தளத்தையும் காப்பாற்றினால் அந்த அளவு சிமென்ட் தேவையில்லை. ஆய்வும் முழுசாக நிற்காது. ஒவ்வொரு பகுதியாகக் காலி செய்து வேலை பார்க்கலாம்.

ஆனாலும் எல்லா கட்டடத்தையும் காப்பாற்ற முடியாது. தூண், உத்திரங்களில் கம்பி கணிசமாகத் தேய்ந்திருந்தால், அல்லது புகைக்கூண்டின் குழாய்கள் போக இடமில்லாத அளவுக்கு மாடியின் உயரம் குறைவாக இருந்தால், அலுவலகமாகவோ வகுப்பறையாகவோ மாற்றிவிட்டு ஆய்வகத்தை வேறு இடத்தில் கட்டுவதே சரி. தூண்களே பலவீனம் என்று பரிசோதனை சொன்னால் இடிக்கத்தான் வேண்டும். அந்த அறிக்கை கைக்கு வரும்வரை பெயின்ட் டெண்டர் விடாமல் இருந்தால் போதும்.