நாடுகளுக்கு நியாயந்தீர்ப்பது என்றால் என்ன?

பைபிளின் 82-ம் சங்கீதம் ஒரு கோரிக்கையோடு முடிகிறது: எல்லா நாடுகளும் கடவுளுக்கே சொந்தம், அவர் எழுந்து பூமியை விசாரிக்கணும். 'நியாயந்தீர்ப்பு' என்றதும் தண்டனைதான் உங்களுக்கு ஞாபகம் வரும், இல்லையா? மூல எபிரேயச் சொல் 'ஷாஃபத்'. இதே சொல் 3-ம் வசனத்திலும் இருக்கு. அங்கே அதன் பொருள், ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் உரிமையைப் பெற்றுத் தருவது. கடைசி வசனத்தையும் அப்படித்தான் வாசிக்கணும்.

கார் நிக்கோபாரைப் பாருங்கள். 1942-ல் பிடித்த ஜப்பான் படை, 1945-ல் உளவாளிகள் என்று சந்தேகித்துத் தீவுவாசிகளைக் கொன்றது. பிடித்தவனிடமே எங்கே போய் முறையிடுவது? 1946-ல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் அந்தக் கொலைகளை விசாரித்துத் தண்டித்தது. ஷாஃபத்தில் அது பாதிதான். அந்த ஆக்கிரமிப்பில் வதைபட்ட நிக்கோபாரியர் ஜான் ரிச்சர்ட்சன், 1952-ல் மக்களவை நியமன உறுப்பினரானார்.