இறைச்சியில் மருந்து எச்சமும் மலையகச் சிறுவர் உணவும்

நோய்க்காகவோ, நோய் வராமல் தடுக்கவோ, எடை கூட்டவோ கால்நடைக்குக் கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உடலை விட்டு நீங்கச் சில நாட்கள் ஆகும். அதற்குள் அறுத்தாலோ கறந்தாலோ இறைச்சியிலும் பாலிலும் முட்டையிலும் கொஞ்சம் தங்கிவிடும். இந்த மிச்சமே மருந்து எச்சம் எனப்படும். மருந்து கொடுத்த கடைசி வேளைக்கும், அறுப்புக்கோ பால் விற்பனைக்கோ இடையே விட வேண்டிய நாட்கள் விலகல் காலம். இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை தோட்டங்களில், இந்த விடயத்தைத் தனியாக எடுத்துப் பேச முடியாது. அங்கே பிள்ளைகளின் முதல் குறை இறைச்சி கெட்டிருப்பதல்ல, தட்டில் இறைச்சியே இல்லாததுதான்.

2016 குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத்துறையில் இது ஏறத்தாழ 32 வீதம். தாய்மாரின் இரத்தச்சோகை, குறைந்த பிறப்பு நிறை, அடிக்கடி வரும் வயிற்றோட்டம், லயம் எனப்படும் வரிசை வீடுகளின் நெரிசல் எல்லாம் இதில் பங்குகொள்கின்றன. ஆனால் ஆறு மாதத்துக்குப் பின் பிள்ளைக்கு என்ன ஊட்டப்படுகிறது என்பதே மையம்.

காலையில் தாய் கொழுந்து பறிக்கப் போகுமுன் கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் ஆகிவிடும், கூடவே சாயத்தண்ணி எனும் பால் சேராத தேநீர். பகலில் சிறு பிள்ளைகள் பிள்ளைக் காம்பிராவில் இருப்பார்கள்; இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். இரவில் சோறும் பருப்பும், கிடைத்தால் நெத்தலியோ கருவாடோ. கோழிக்கறி பெரும்பாலும் சம்பளத்துக்கு அடுத்த நாட்களிலும் தீபாவளிக்கும்தான், அதுவும் உருளைக்கிழங்கு கூட்டி நீட்டிய குழம்பாக. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக உயர்ந்தது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்ட கதைதான்.

இதில் சாயத்தண்ணிக்கும் ஒரு பங்கு உண்டு. தேயிலையிலுள்ள தனின் வகைப் பொருட்கள் பருப்பிலும் கீரையிலும் மாவிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை. உலகுக்குத் தேயிலை பறிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு துண்டு இறைச்சியின் அருமை இதனாலேயே கூடுகிறது. மருந்துக்குப் பயந்து அந்தத் துண்டையும் நிறுத்தச் சொல்லும் அறிவுரை, நல்லெண்ணத்தில் வந்தாலும் பிழையானது.

எச்சம் எவ்வளவு இருந்தால் எவ்வளவு கேடு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கோழிகளுக்கும் மாடுகளுக்கும் பரவலாகக் கொடுக்கப்படும் ஒக்சிடெட்ராசைக்கிளினுக்கு அனைத்துலக உணவு விதித்தொகுப்பான கோடெக்ஸ் விதித்த உச்ச வரம்பு, கிலோ தசைக்கு 200 மைக்ரோகிராம். சம்பள நாள் குழம்பில் பிள்ளைக்கு விழும் பங்கு 50 கிராம் என்றால், வரம்பு விளிம்பிலுள்ள இறைச்சியானாலும் அதில் 10 மைக்ரோகிராம்தான். டெட்ராசைக்கிளின் வகை மருந்துக்கு ஏற்கத்தக்க நாளளவு, உடல் நிறையில் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம்; பத்துக் கிலோப் பிள்ளைக்கு 300. பங்கு முப்பதில் ஒன்று. அந்த வரம்புகளை வகுத்தவர்கள் மனதில் வைத்த ஆள், 60 கிலோ எடையோடு நாளுக்கு 300 கிராம் இறைச்சியும் ஒன்றரை லீற்றர் பாலும் உட்கொள்பவர். மஸ்கெலியாவில் ஒரு லயத்தில் அப்படி ஒருவரைத் தேடிப் பார்க்கலாம்.

கணக்கு இடறும் இடங்களும் உண்டு. வரம்பு மதிக்கப்பட்டால்தான் மேற்சொன்னது பொருந்தும்; விலகல் காலம் முடியுமுன் கோழியை விற்றால் அளவு பன்மடங்காகும். புரொயிலர் கோழி ஐந்தாறு வாரத்தில் விற்பனைக்கு வந்துவிடுவதால், கடைசி வாரத்தில் நோய் கண்டால் பண்ணையாளருக்கு நெருக்கடி. மருந்து எல்லா உறுப்பிலும் ஒரே அளவாகவும் தங்குவதில்லை. அதே மருந்துக்கு ஈரலில் 600, சிறுநீரகத்தில் 1,200 மைக்ரோகிராம் வரை கோடெக்ஸ் அனுமதிப்பது அதனால்தான். கல்சியத்தோடு ஒட்டும் குணத்தால் டெட்ராசைக்கிளின் எலும்பிலும் படியும். ஏழை வீட்டுக்கு மலிவாகக் கிடைக்கும் ஈரலும் கழுத்தும் காலும் அதே பகுதிகள். ஆயினும் இரும்புச்சத்தில் ஈரலுக்கு நிகரில்லை. அதை விலக்குவதைவிட மருந்தை முறையாக நிறுத்துவதே சரி.

சமைத்தால் போய்விடுமா? டெட்ராசைக்கிளின் கொதியில் ஓரளவு சிதையும். என்ரோஃப்ளொக்சசின் வகையும் குளோரம்பெனிக்கோலும் சூட்டைத் தாங்கும். ஒரு பகுதி இறைச்சியிலிருந்து குழம்புக்கு இறங்கும், அவ்வளவே. மருந்துக்கு அடங்காத கிருமிகள் வேறு கதை. நன்றாக வெந்தால் அவை சாகும். ஆனால் பச்சைக் கோழி வெட்டிய பலகை, கை, கழுவிய தண்ணீர் வழியே பரவும். அத்தகைய கிருமி தொற்றிய பிள்ளைக்கு வழக்கமான மருந்து பிடிக்காமல் போவதே எச்சத்தைவிடப் பெரிய அச்சம். இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது செய்தித்தாள்களுக்கு வழக்கம்.

எடை கூட்ட மருந்து கொடுக்கும் பழக்கம் 1940களின் இறுதியில் அமெரிக்காவில் பிறந்தது. குளோர்டெட்ராசைக்கிளின் தயாரிப்பில் எஞ்சிய பொருளைத் தீனியில் கலந்தபோது குஞ்சுகள் வேகமாக வளர்வதை ஆய்வாளர்களான ஜூக்ஸும் ஸ்டோக்ஸ்டாடும் கண்டனர். இது மருந்தெதிர்ப்பை வளர்க்கும் என 1969இல் பிரித்தானியாவின் ஸ்வான் அறிக்கை எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரியில்தான் அந்தப் பழக்கத்தை முழுதாகத் தடைசெய்தது. இந்தியா 2019இல் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைத் தடைசெய்தது. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீனிச் சட்டமும் உள்ளன. மருந்தெதிர்ப்பைச் சமாளிக்கும் தேசியத் திட்டம் 2017இல் தொடங்கியது. ஆனால் ஹட்டன் இறைச்சிக் கடைக்கு வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளிரையும் துப்புரவையும் அனுமதிப்பத்திரத்தையும் பார்ப்பார். எச்சம் கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது, ஆய்வுகூடம் வேண்டும்.

கோழிப் பண்ணைகள் பெரும்பாலும் குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கம். மலையகத்தில் எச்சம் உற்பத்தியாகும் இடத்தைத் தேடினால் லயத்துக்குப் பின்னாலுள்ள மாட்டுப்பட்டிக்குத்தான் போக வேண்டும். குளிர் நாடாதலால் அம்பேவெல போன்ற பெரும் பண்ணைகளோடு தோட்டக் குடும்பங்களும் ஓரிரு கறவை மாடு வளர்க்கின்றன. வேலை முடிந்து ஒரு கட்டுப் புல்லோடு வரும் பெண்ணுக்கு அது இரண்டாம் வருமானம். மடிவீக்கம் வந்தால் பெனிசிலின் குழாயை முலைக்காம்பில் ஏற்றுவார்கள். குழாயில் இருப்பது பல மில்லிகிராம். பாலில் அனுமதி லீற்றருக்கு 4 மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் ஒரே ஒரு மில்லிகிராம் 250 லீற்றரை வரம்புக்குக் கொண்டுவரும். அதனால்தான் ஒரு மாட்டின் பால் முழுத் தாங்கியையும் கெடுக்கிறது. அந்தப் பாலில் யோகட் உறையாது. இதைக் கண்டறியும் சோதனைக் குப்பியில் வெப்பம் விரும்பும் பக்டீரியா இருக்கும். சொட்டுப் பால் விட்டுச் சூடாக்கினால், மருந்தில்லாத பாலில் குப்பியின் ஊதா நிறம் மஞ்சளாகும். மருந்திருந்தால் ஊதா ஊதாவாகவே நிற்கும்.

விலகல் கால விதி விற்கும் பாலைக் காக்கிறது. சேகரிப்பு நிலையம் ஏற்காத பால் வீட்டுச் சட்டிக்கும் பிள்ளையின் பால் தேத்தண்ணிக்கும் போக வழி இருக்கிறது. காய்ச்சினால் பெனிசிலின் முற்றாக அழிவதுமில்லை, ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குச் சிறிதளவும் தொல்லை தரலாம். கன்றுக்கு ஊட்டினால் அதன் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். அந்நாட்களின் பாலைக் கொட்டிவிடச் சொல்லுகிறார்கள் கால்நடை வைத்தியர்கள். சரிதான். அதில் நட்டப்படுவது மாடு வைத்திருக்கும் வீடு.